டக்டக் அண்ணேயும் ஏழில் நின்ற முள்ளும்

பினாங்குத் தீவில் முள் வைத்த எந்தக் கருவியும் டக்டக் அண்ணேயின் ஆள்காட்டி விரலுக்குத் தப்பியது கிடையாது. பசாரில் மீன் நிறுக்கும் தராசு, கிளினிக்கில் பிரஷர் பார்க்கும் வட்டம், பள்ளி வேனின் வேக மீட்டர், சிவப்பு விளக்கில் யாரோ முன்பின் தெரியாத மனிதர் நிறுத்தியிருந்த மோட்டாரின் எண்ணெய் மீட்டர் என்று எல்லாவற்றையும் அவர் தட்டியிருக்கிறார். அவர் நகம் படாத கண்ணாடி ஒன்று இந்த ஊரில் இருந்தால், அது நேற்றுத்தான் கடையிலிருந்து வந்திருக்க வேண்டும்.

தட்டுவது என்றால் சும்மா தட்டுவதில்லை. முதலில் ஒரு டக். சிறிது நேரம் முள்ளையே முறைத்துப் பார்ப்பார். பிறகு இரண்டாவது டக். அப்புறம் மூக்கு கண்ணாடியில் படும் அளவுக்குக் குனிந்து, "ம்" என்பார். அந்த "ம்" வந்தால்தான் அந்தக் கருவி பிழைத்தது என்று அர்த்தம். சம்பளச் சீட்டில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

மீன்கடைக்காரர் ஒரு நாள் பொறுமை இழந்து, "அண்ணே, நீங்க மீன வாங்க வந்தீங்களா, தராச வாங்க வந்தீங்களா?" என்று கேட்டார். அண்ணே கோபித்துக்கொள்ளவில்லை. மீன் பொய் சொல்லாது, தராசு சொல்லும், அதனால் முதலில் தராசைத்தான் விசாரிக்க வேண்டும் என்று விளக்கம் கொடுத்தார். பின்னால் வரிசையில் நின்ற எட்டுப் பேருக்கும் அந்த விளக்கம் சேர்த்தே கிடைத்தது.

கோயில் கதை இன்னும் மோசம். அங்கே ஒரு கல்யாணம். முகூர்த்தம் ஒன்பதரை வரைக்கும். சுவர்க்கடிகாரம் ஒன்பதே கால் காட்டியது. இவர் அதன் கீழே நின்றுகொண்டு சும்மா இருப்பாரா? டக் என்று ஒரு தட்டு. ஏற்கெனவே ஆணி தளர்ந்து கிடந்த பெரிய முள், கால் மணியிலிருந்து வழுக்கி நேராக ஆறில் வந்து நின்றது. பெண்ணின் மாமா நிமிர்ந்து பார்த்து, நேரம் போகிறது என்று அலறினார். அலங்காரம் முடியாமல் ஒரு பக்கம் மட்டும் ஜிமிக்கி மாட்டிய பெண்ணைத் தூக்காத குறையாகக் கொண்டுவந்து உட்கார வைத்துக் கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். கூடியிருந்த அத்தனை பேர் கையிலும் போன் இருந்தது. ஒருவர்கூட அதில் மணி பார்க்கவில்லை. அந்தத் தம்பதி இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், கல்யாண ஆல்பத்தைத்தான் யாருக்கும் காட்டுவதில்லை.

எனக்கு அவரைத் தெரிந்தது வேலை செய்த இடத்தில். டத்தோ கிராமாட் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்த டோபிக் கம்பெனியில் நான் கிளார்க். டோபி என்றதும் ஆற்றங்கரையையும் கல்லையும் நினைத்துவிடாதீர்கள். ஊரில் உள்ள பாதி ஓட்டல்களின் படுக்கை விரிப்பும் துண்டும் லோரியில் வந்து இறங்கும். ஆளை விழுங்கும் அளவுக்குப் பெரிய சலவை மெஷின்கள், விரிப்பை ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் அப்பளமாகத் தள்ளும் இஸ்திரி ரோலர், இவற்றுக்கெல்லாம் நீராவி கொடுக்கப் பின்கட்டில் ஒரு பாய்லர். டக்டக் அண்ணே மடிப்புப் பகுதிக்குத் தலைவர். டீ நேரத்தில் துண்டுகளை அன்னப் பறவையாக மடித்து மேசையில் உட்கார வைப்பார். அவர் மடித்த அன்னங்கள் எல்லாமே எதையோ சந்தேகப்படுவது போலத் தலையைச் சாய்த்துக்கொண்டிருக்கும்.

இந்த வியாதி அவருக்கு ஒரு சினிமாவால் வந்தது. ஒரு பெருநாள் விடுமுறை மதியம், வீட்டில் சும்மா டிவியைத் திருப்பியிருக்கிறார். ஏதோ பழைய ஆங்கிலப் படம், அடியில் மலாய் எழுத்து. பாதியில் பார்த்ததால் படத்தின் பெயர் தெரியாது. ஓர் அணுமின் நிலையம். உள்ளே ஒரு பெரிய அறை, சுவர் முழுக்க மீட்டர். ஒரு மீட்டரில் முள் மாட்டிக்கொண்டு பொய் சொல்கிறது. அதை நம்பி எல்லாரும் தப்புத் தப்பாக எதையோ திருகுகிறார்கள். ஒருவன் போய்க் கண்ணாடியை லேசாகத் தட்டுகிறான். முள் விழுகிறது. எல்லார் முகமும் விழுகிறது. அப்புறம் கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் வந்து ஊரைப் பார்த்து, நோ ப்ராப்ளம் என்கிறார்கள். உள்ளே வேலை பார்க்கிற ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் உண்மை தெரியும். அவன் கடைசியில் துணிந்து, எல்லார் முன்னாலும் வாயைத் திறக்கிறான்.

அந்த நேரம் பார்த்து டத்தோ கிராமாட் முழுக்கக் கரண்டு போனது.

வேறு யாராக இருந்தாலும் விசிறி மட்டையைத் தேடியிருப்பார்கள். மின்சார நிலையத்தின் ஊழலைச் சொல்லப் போகிற நேரத்தில் மின்சாரம் போனால் அதற்கு என்ன பொருள் என்று இவர் யோசித்துவிட்டார். கரண்டு திரும்பியபோது டிவியில் சமையல் நிகழ்ச்சி ஓடியது. அன்றிலிருந்து அந்த ஆள் என்ன சொன்னான் என்று கேட்டுக் கேட்டே எங்கள் உயிரை வாங்கினார். இஸ்திரி ரோலரில் நிற்கும் சரசு அக்கா தொல்லை தாங்காமல், அந்த ஆள் உண்மையைச் சொல்லிவிட்டான், எல்லாரும் மன்னிப்புக் கேட்டார்கள், முதலாளி மகளைக் கட்டிக்கொண்டான் என்று முடித்து வைத்தார். அண்ணே நம்பவில்லை. போனில் தேடித் தருகிறேன் என்று நானும் சொன்னேன். போனில் முள்ளே இல்லை, அதை எப்படி நம்புவது என்று கேட்டார்.

அந்தப் படத்திலிருந்து அவர் இரண்டு பாடங்கள் எடுத்துக்கொண்டார். ஒன்று, முள் எதுவானாலும் தட்டாமல் நம்பக் கூடாது. இரண்டு, எவனாவது நோ ப்ராப்ளம் என்று சொன்னால் அங்கே கட்டாயம் ஒரு ப்ராப்ளம் இருக்கிறது. எங்கள் முதலாளி, அதாவது தவுக்கே, ஒரு நாளில் நூறு தடவை நோ ப்ராப்ளம் சொல்லக்கூடிய சீனர். இருவரும் ஒரே கூரையின் கீழ் எப்படிக் காலம் தள்ளியிருப்பார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். சரசு அக்காவின் ரோலருக்கு மேலே ஒரு சுவிட்சுப் பெட்டி இருந்தது. அதிலிருந்து அவ்வப்போது கருகல் வாடை வரும். சொன்னால் தவுக்கே நோ ப்ராப்ளம் என்பார். ஒரு நாள் டக்டக் அண்ணே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பெட்டிக்கு நேர் கீழே போட்டார்.

"ப்ராப்ளம் இல்லேன்னா நீங்க இங்க உக்காருங்க தவுக்கே. நா ஒங்க ரூம்புல போயி உக்காந்துக்கறேன்."

தவுக்கே அந்த நாற்காலியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், தன் அறைக்குப் போய்விட்டார். மறுநாள் வயர்மேன் வந்தார். பாதி கருகிய வயரை அவர் உருவி எடுத்தபோது சரசு அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்று முதல் அண்ணேக்குச் சரசு அக்கா வீட்டிலிருந்து மதியச் சாப்பாடு வர ஆரம்பித்தது. அவர் பைத்தியம்தான், ஆனால் எங்கள் பைத்தியம்.

ஆனால் பத்துக்கு ஒன்பது தடவை அவர் கிளப்பியது வெறும் பீதி. மேசை மேல் எப்போதும் ஒரு கிளாஸ் கோப்பி வைத்திருப்பார், குடிக்க இல்லை. அதில் அலை வந்தால் ஆபத்தாம். பக்கத்திலேயே ஆளுயர சலவை மெஷின் சுற்றும்போது கோப்பியில் அலை வராமல் என்ன வரும்? ஒரு நாள் அலை கொஞ்சம் அதிகம் என்று சொல்லி எமெர்ஜென்சி பொத்தானை அமுக்கி எல்லாரையும் தெருவுக்கு விரட்டினார். நாங்கள் வெயிலில் நின்றோம். உள்ளே ஒரு ஓட்டலின் அத்தனை துண்டும் சோப்புத் தண்ணீரில் நின்றது. அன்றைக்கு அந்த ஓட்டலில் தங்கியிருந்த கல்யாணக் கோஷ்டி முழுக்க மேசைத் துணியால் தலை துவட்டிக்கொண்டதாகக் கேள்வி.

அதைக்கூடத் தவுக்கே பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது பாய்லர் மீட்டர் விஷயத்தில். பாய்லரைப் பார்த்துக்கொள்வது மணியம் அண்ணன். சர்க்கார் சான்றிதழ் வாங்கிய பாய்லர்மேன், பயந்த மனிதர், அந்தச் சான்றிதழைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பவர். டக்டக் அண்ணே தினமும் காலையில் அவர் அறைக்குள் போய், நீராவி அழுத்தம் காட்டும் மீட்டரைத் தட்டிவிட்டு, ஏழு காட்டினால் "ம்" சொல்லிவிட்டு வருவார். ஒரு நாள் முள் ஏழுக்குச் சற்றுக் கீழே நின்றது. கொஞ்சம் அழுத்தித் தட்டினார். கண்ணாடி உடைந்தது. புதுக் கண்ணாடி போட்டார்கள். அதுவும் உடைந்தது.

தவுக்கே மணியத்தையும் என்னையும் அறைக்குள் கூப்பிட்டு மலாயில் சொன்னார். அந்த ஆள் இன்னொரு தடவை பாய்லர் அறைக்குள் காலை வைத்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். இந்தத் தடவை நோ ப்ராப்ளம் என்று அவர் சொல்லவில்லை. அதனால் விஷயம் உண்மை என்று எங்களுக்குப் புரிந்தது.

நாங்கள் போய்ச் சொன்னதும் அண்ணே தடையை ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. துண்டை மடித்துக்கொண்டே பாய்லர் அறைக் கதவைப் பார்ப்பார். மடிப்பு கோணிப் போகும். மேசையில் அன்னங்கள் வருவது நின்றது. இரண்டு முறை கதவின் கைப்பிடி வரை போய்விட்டுத் திரும்பினார். வீட்டில் அவருக்கென்று இருந்தது அந்த டிவி ஒன்றுதான், அதையும் அவர் நம்புவதில்லை. அந்த வயதில் வேறு எங்கே வேலை கொடுப்பார்கள்?

"இன்னிக்கி இல்லாட்டி நாளைக்கி இந்தாளு உள்ள பூந்துருவாரு," என்றார் சரசு அக்கா. "வேலய வுட்டு தூக்கிட்டா, வீட்டுல ஒக்காந்து செவுத்த தட்டிக்கிட்டே செத்துருவாரு லா."

அப்போதுதான் மணியத்துக்கு அந்த யோசனை வந்தது. பாய்லரிலிருந்து எப்போதோ கழற்றிப் போட்ட பழைய மீட்டர் ஒன்று அவரிடம் இருந்தது. அதை மடிப்புப் பகுதிச் சுவரில் மாட்டிவிடுவது. பாய்லரிலிருந்து தனியாக லைன் இழுத்திருக்கிறோம், இனிமேல் இங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுவது. அந்தச் சுவர் வெறும் பலகைத் தடுப்பு. மறுபக்கம் என் மேசை. மீட்டரின் குழாயைப் பலகையில் துளை போட்டு என் பக்கம் விட்டு, நுனியில் ஒரு சைக்கிள் டியூப் வால்வைப் பொருத்தினார் மணியம். ஒரு சைக்கிள் பம்ப்பும் வாங்கி வந்தார். நான்கு அடி அடித்தால் முள் ஏழுக்கு வந்து நின்றது.

யார் அடிப்பது என்ற கேள்வியே எழவில்லை. மேசை என்னுடையது.

இப்படியாக, மூடி மறைப்பதைக் கண்டாலே பொங்குகிற ஒரு மனிதரை ஏமாற்ற, நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு மூடி மறைக்கும் வேலையைத் தொடங்கினோம். கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். நேராகப் பாய்லர் அறைக்குள் போவார், தட்டுவார், அன்றைக்கே வீட்டுக்குப் போவார்.

முதல் நாள் அவரை அழைத்துப் போய்க் காட்டினோம். அவர் மீட்டரைப் பார்த்தார். குழாய் பலகைக்குள் போகும் இடத்தைப் பார்த்தார். மணியத்தைப் பார்த்தார். மணியம் உத்தரத்தைப் பார்த்தார்.

"ரிமோட்டா?"

"ரிமோட்டுத்தாண்ணே."

டக். காத்திருந்தார். டக். முள் லேசாக நடுங்கி ஏழில் நின்றது. "ம்," என்றார். அன்று சாயங்காலம் மேசையில் மூன்று அன்னங்கள் உட்கார்ந்திருந்தன.

ஒரு பொய்யைக் கட்டிக் காப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அதற்கப்புறம்தான் தெரிந்தது. அவர் வருவதற்கு முன் நான் வந்து காற்றடித்து, பம்ப்பை ஒரு நீலத் துண்டில் சுற்றி மேசைக்கு அடியில் மறைக்க வேண்டும். வால்வு கொஞ்சம் கசியும், அதனால் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொரு முறை. பொங்கலன்று பட்டுச் சேலை கட்டி வந்து, முந்தானையை இடுப்பில் செருகி, காலால் பம்ப்பை மிதித்துக்கொண்டு அடித்திருக்கிறேன். சோப்பு சப்ளை செய்ய வந்தவர் அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு என்னம்மா செய்கிறீர்கள் என்று கேட்டார். பாய்லருக்குக் காற்றடிக்கிறேன் என்றேன். மனிதர் ரசீதுகூட வாங்காமல் போய்விட்டார்.

ஒரு நாள் காய்ச்சல் என்று நான் எம்சி லீவு எடுத்தேன். பம்ப்பு சரசு அக்கா பொறுப்பு. ரோலரில் ஈர விரிப்புகளை இழுத்து இழுத்து உரமேறிய கை அது. நான்கே அடிதான், முள் ஏழைத் தாண்டி, பத்தைத் தாண்டி, சிவப்புக் கோட்டில் போய் முட்டி நின்றது. அதே நேரம் டக்டக் அண்ணே உள்ளே வந்தார். தட்டினார். முள் அசையவில்லை. எமெர்ஜென்சி பொத்தான் பக்கம்தான் பாய்வார் என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்களாம். அவர் அசாத்திய நிதானத்தோடு மணியத்தைக் கூப்பிட்டு, சிவப்பில் நிற்கிறது, கொஞ்சம் பார் என்றாராம். மணியம் பின்கட்டுக்கு ஓடி, கைக்குக் கிடைத்த ஒரு வால்வைப் பிடித்து வேர்க்க விறுவிறுக்கத் திருகியிருக்கிறார். அந்தப் பக்கம் சரசு அக்கா டியூப் வால்வை அமுக்கிக் காற்றை விட்டார். முள் அழகாக இறங்கி ஏழுக்கு வந்தது. அண்ணே மணியத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி, கம்பெனியைக் காப்பாற்றிவிட்டாய் என்று பாராட்டினாராம். மணியம் மூடியது கக்கூஸ் தண்ணீர். அன்று முழுக்க ஆண்களும் பெண்களும் எதிர்க் கோப்பிக் கடைக்குப் போய்வந்தார்கள்.

இப்படியே ஓடியது. பாய்லர் அறைப் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தவுக்கே சுவரில் மீட்டரைப் பார்த்தார், தண்ணீர்க் குழாய் சம்பந்தப்பட்டது என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார். யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் பாய்லர் சோதனைக்கு ஆபீசர் வருகிற நாள் வந்தது. அதற்காகப் பாய்லரை அணைத்து, ஆறவிட்டு, தண்ணீரை வடித்து, மூடியைத் திறந்து போட்டிருந்தார் மணியம். சலவை நின்றுவிட்டது, மிச்சம் இருந்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். நீராவி என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லை. அது எனக்கும் தெரியும். என் கைக்குத்தான் தெரியவில்லை. வந்தேன், பையை வைத்தேன், பம்ப்பை எடுத்தேன், பழக்க தோஷத்தில் நான்கு அடி அடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஆபீசர் மலாய்க்காரர். இளைஞர், முகத்தில் சிரிப்பு இல்லை. பாய்லரைச் சுற்றிப் பார்த்தார், உள்ளே விளக்கடித்துப் பார்த்தார், திருப்தி. கையெழுத்துப் போட அலுவலக அறைக்கு மடிப்புப் பகுதி வழியாகத்தான் போக வேண்டும். தவுக்கே முன்னால் நடக்க, ஆபீசர் நடுவில், மணியம் பின்னால். நான் தேத்தண்ணித் தட்டோடு எதிரே வந்தேன். சுவர்ப் பக்கம் வந்ததும் ஆபீசர் நின்றார்.

ஏழு.

பாய்லர் திறந்து கிடக்கிறது. பிறகு இது எதனுடைய அழுத்தம் என்று கேட்டார். தவுக்கே மணியத்தைப் பார்த்தார். மணியம் உத்தரத்தைப் பார்த்தார். ஆபீசர் குரல் மாறியது. பதிவு செய்யாத இன்னொரு பாய்லரை எங்கேயாவது ஒளித்து வைத்திருக்கிறீர்களா, இந்த லைனைப் போட்டது யார், பாய்லர்மேனின் சான்றிதழை எடுத்துவரச் சொல்லுங்கள் என்றார். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த அந்தச் சான்றிதழ் என் கண் முன்னால் வந்து போனது. என் கையிலிருந்த தட்டில் நாலு கிளாஸிலும் அலை அடித்தது. அதற்கு மெஷின் காரணமில்லை.

மீட்டருக்குக் கீழே, கையில் ஒரு துணியோடு கண்ணாடியைத் துடைத்தபடி நின்றுகொண்டிருந்தார் டக்டக் அண்ணே. ஆபீசர் அவர் பக்கம் திரும்பி, உங்களுக்கு இதைப் பற்றித் தெரியுமா என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காகத்தான் அவர் இத்தனை வருடமாக ஊரெல்லாம் தட்டித் திரிந்தார். பொய் சொல்லும் முள் தலைக்கு மேலே இருக்கிறது. மூடி மறைத்த கூட்டம் வரிசையாக நிற்கிறது. எதிரே சர்க்கார் ஆபீசர், காதைத் தீட்டிக்கொண்டு. இந்தத் தடவை கரண்டும் போகவில்லை. நான் மணியத்தின் வேலையையும், என் வேலையையும், அண்ணேயின் வேலையையும் சேர்த்து மனதுக்குள் தலை முழுகினேன்.

அவர் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். டக். டக். முள் ஏழிலேயே நின்றது.

பிறகு மலாயில், நிதானமாகச் சொன்னார். துவான், இது பாய்லருடையது இல்லை. பழைய மீட்டர். எனக்குத் தலையில் கொஞ்சம் கோளாறு, இங்கே எல்லாருக்கும் தெரியும், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். காலையில் எதையாவது தட்டாவிட்டால் எனக்குக் கை ஓடாது. அதனால் நானே மாட்டிக்கொண்டேன். இந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் மேசைக்கு அடியில், நீலத் துண்டில் சுற்றி ஒரு சைக்கிள் பம்ப் இருக்கும். நானேதான் காற்றடித்துக்கொள்வேன். இவர்கள் பாவம், சொன்னால் நான் அழுவேன் என்று விட்டுவிட்டார்கள்.

கடைசியில் தவுக்கேயைப் பார்த்து அவர் சொன்னது இவ்வளவுதான்.

"நோ ப்ராப்ளம்."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நீலத் துண்டு வரைக்கும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் தட்டை அன்னங்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

ஆபீசர் மறுபக்கம் போய்ப் பார்த்தார். பம்ப் இருந்தது. வால்வை அமுக்கினார், புஸ்ஸென்று காற்றுப் போனது, முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. முதலில் அவர் தோள் குலுங்கியது, பிறகு சத்தமாகவே சிரித்தார். அவரே பம்ப்பை எடுத்து இரண்டு அடி அடித்துப் பார்த்தார். இது பாய்லருக்கு உரியது அல்ல என்று எழுதி மீட்டருக்குக் கீழே ஒட்டச் சொன்னார். போகிற போக்கில் ரோலர் பக்கம் சுவிட்சுப் பெட்டியெல்லாம் ஒழுங்காக மாற்றியிருக்கிறீர்கள் என்று தவுக்கேயைப் பாராட்டினார். தவுக்கே அந்தப் பாராட்டைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டார். டக்டக் அண்ணே பாய்லர் அறைக்குள் காலை வைத்ததாக யாரும் சொல்லவில்லையே, அதனால் வீட்டுக்குப் போகிற பேச்சும் எழவில்லை.

ஆபீசர் போனதும் மணியம் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதார். சரசு அக்கா அவரைத் திட்டிக்கொண்டே தானும் அழுதார். நான் அண்ணேயிடம் போனேன். எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"மொத நாளே தெரியும் மா. நீ அந்தப் பக்கம் புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிக்கிறது இந்தப் பக்கம் கேக்காதா? வெறும் பலகை."

"அப்புறம் எதுக்குண்ணே இத்தன நாளா வந்து தட்டுனீங்க?"

"நீ காலங்காத்தால வந்து கஷ்டப்பட்டு ஏத்தி வச்சிருக்க. தட்டாம போனா நல்லாவா இருக்கும்?"

இன்னொன்றும் கேட்டேன். அந்தப் படத்தில் வாயைத் திறந்தானே, அந்த ஆள் என்னதான் சொல்லியிருப்பான்?

அவர் ஒரு துண்டை எடுத்து இரண்டாக மடித்தார்.

"உண்மையத்தான் சொல்லியிருப்பான். அவனுக்கு என்னா, பக்கத்துல சரசும் மணியமும் நீயுமா நின்னீங்க?"

மறுநாள் காலை நான் வந்தபோது என் மேசை மேல் பம்ப்புக்கு ஒரு புது வாஷர் இருந்தது. பழையது கசிகிறது, பாதிக் காற்று வீணாகிறது என்று அண்ணே பலகைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். மீட்டருக்குக் கீழே பெரிய எழுத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. நான் நான்கு அடி அடித்தேன். டக். டக். "ம்" என்றார்.

இப்போது நான் அங்கே இல்லை. அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். பிரிவு உபசாரத்தில் தவுக்கே கைக்கடிகாரம் கொடுத்தார், முள் வைத்ததாகப் பார்த்து. மணியம் அந்த மீட்டரைச் சுவரிலிருந்து கழற்றிக் கையில் கொடுத்தார். கைக்கடிகாரம் எங்கே போனதென்று தெரியாது. மீட்டர் அவர் வீட்டு ஹாலில், டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறது.

மாதத்தில் ஒரு தடவையாவது நான் போய்ப் பார்ப்பேன். கதவைத் திறந்ததும், "உக்காருமா, தேத்தண்ணி கலக்கிக்கிட்டு வர்றேன்," என்று சமையலறைக்குள் போய்விடுவார். ஒரு கிளாஸ் தேத்தண்ணிக்கு எந்த மனிதருக்கும் ஆகாத நேரம் அவருக்கு ஆகும். கரண்டியை வேண்டுமென்றே சத்தமாகச் சுற்றுவார். வாசலில் செருப்பு ரேக்குக்குப் பக்கத்தில் நீலத் துண்டில் சுற்றி அந்த பம்ப் இருக்கும். நான் எடுத்து, ஏழுக்கு ஏற்றி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல வந்து உட்கார்ந்துகொள்வேன்.

அவர் கிளாஸோடு வருவார். மீட்டர் பக்கம் போவார். டக். டக். மூக்கு கண்ணாடியில் பட நெடுநேரம் பார்ப்பார். அந்த "ம்" வரும் வரைக்கும் நான் தேத்தண்ணியைத் தொடுவதில்லை.